செட்டில் டேப்லட்டே மானிட்டர்: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

படப்பிடிப்பில் கேமராவில் மாட்டிய டிரான்ஸ்மிட்டர் வைஃபை வழியாக அனுப்பும் படத்தை டேப்லட்டில் பார்ப்பது பற்றிய குறிப்புகள் இவை. டேப்லட் யார் கைக்குப் போகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். டைரக்டர், கன்டினியூட்டி, காஸ்ட்யூம், மேக்கப், ஆர்ட் ஆட்களுக்குத் தாராளமாகப் போதும். நடிகர் நகர நகர லென்ஸின் போக்கஸைத் திருப்பும் போக்கஸ் புல்லருக்கு மட்டும் ஆகாது. வினாடிக்கு 24 பிரேம் என்றால் ஒரு பிரேமுக்கு ஏறக்குறைய 42 மில்லி வினாடி. டிரான்ஸ்மிட்டர் படத்தைச் சுருக்கி அனுப்ப வேண்டும், டேப்லட் அதை விரித்துக் காட்ட வேண்டும். எல்லாம் சரியாக இருந்தாலே இரண்டு, மூன்று பிரேம் பின்தங்கும். வைஃபை நெரிசல் கூடினால் இன்னும் இழுக்கும். நடிகர் நகர்ந்து முடித்த பிறகு போக்கஸைத் திருப்பி என்ன பயன்? அந்த வேலைக்கு டெராடெக் போல்ட் மாதிரி, வைஃபையில் ஓடாத தனி ரிசீவர் வேண்டும். அதில் தாமதம் கண்ணுக்கே தெரியாது.

சிறிய டிரான்ஸ்மிட்டர்கள் தாங்களே ஒரு வைஃபையை உருவாக்கி, ஆப் வழியாகப் படத்தைக் காட்டும். பெரும்பாலும் நான்கு டேப்லட் வரைதான் தாங்கும். கூடவே தனி ரிசீவரும் ஓடினால் சிலவற்றில் அந்த எண்ணிக்கையும் குறையும். அதற்கு மேல் ஆட்கள் பார்க்க வேண்டுமென்றால், ரிசீவரை மானிட்டர் ஏரியாவில் வைத்து, அங்கிருந்து என்கோடர் (படத்தை நெட்வொர்க்குக்கு ஏற்பச் சுருக்கும் கருவி), பிறகு தனி ரூட்டர் என்று போவது நல்லது. வைஃபை ஓட வேண்டிய தூரம் சில மீட்டராகிவிடும். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும்.

மீதிப் பாதி, சேனல், அதாவது வைஃபை ஓடும் அலைவரிசைத் துண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 என்ற மூன்றே சேனல்கள். வயர்லெஸ் ஃபாலோ போக்கஸ் (போக்கஸைத் தள்ளி நின்று திருப்பும் கருவி) பலவும், ப்ளூடூத்தும், யூனிட் ஆட்களின் ஹாட்ஸ்பாட்டும் அங்கேதான் கிடக்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸுக்கு ஒதுங்கிவிடுங்கள். அங்கும் 52 முதல் 144 வரையுள்ள சேனல்களில் ஒரு வம்பு உண்டு: பல நாடுகளில் அவை ரேடாருடன் பகிரப்படுபவை. ரூட்டர் ஒளிபரப்புக்கு முன் குறைந்தது 60 வினாடி ரேடார் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கும். இடையில் சிக்னல் தென்பட்டால் உடனே சேனலை மாற்றும். டேக் நடுவில் படம் காணாமல் போய்த் தானே திரும்பி வந்தால், முதல் சந்தேகம் இதன் மேல் இருக்கட்டும். 'ஆட்டோ'வை அணைத்துவிட்டு, உங்கள் நாட்டில் அனுமதி உண்டென்றால் 36–48 அல்லது 149–161க்குள் ஒன்றைக் கையால் வையுங்கள். சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். 80 வைத்தால் பக்கத்து நெரிசலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும்.

இன்னொன்று பலர் கவனிப்பதில்லை. தூரத்தில், சுவருக்குப் பின்னால் இருக்கும் ஒரே ஒரு டேப்லட் எல்லோருடைய படத்தையும் கெடுக்கும். அதற்கு மெதுவான வேகத்தில் அனுப்ப நேர்வதால், காற்றில் கிடைக்கும் நேரத்தை அதுவே தின்றுவிடும். அந்த ஆளை அருகே வரச் சொல்வதுதான் வைத்தியம்.

மனித உடம்பு 5 கிகாஹெர்ட்ஸை நன்றாக விழுங்கும். ஆன்டெனா தலைகளுக்கு மேலே, இரண்டு மீட்டருக்குக் குறையாத உயரத்தில் நிற்கட்டும். ரூட்டரை இரும்பு ட்ராலிக்குள்ளோ உலோகப் பெட்டிக்குள்ளோ வைக்காதீர்கள்.

டேப்லட்டில் ஏர்பிளேன் மோடு போட்டு, பிறகு வைஃபையை மட்டும் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் சில ஆண்ட்ராய்டு கருவிகள் 'இன்டர்நெட் இல்லை' என்று முடிவுகட்டி மொபைல் டேட்டாவுக்குத் தாவும். ஐபேடில் வைஃபை இணைந்திருந்தும் ஆப் கறுப்பாகவே இருந்தால், அந்த ஆப்புக்கு 'லோக்கல் நெட்வொர்க்' அனுமதி மறுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆட்டோ லாக், திரையின் நிறத்தை மாற்றும் ட்ரூ டோன், நைட் ஷிஃப்ட், ஆட்டோ பிரைட்னஸ் எல்லாம் அணைந்திருக்க வேண்டும். விரல் பட்டு ஆப் மூடாமலிருக்க ஐபேடை ஒரே ஆப்பில் பூட்டிவைக்கும் கைடட் ஆக்சஸ் கைகொடுக்கும்.

வெயில்தான் நிரந்தர எதிரி. சாதாரண ஐபேடின் வெளிச்சம் 500 நிட்ஸ் அளவு. வெளிப்புற மானிட்டர்கள் 1000க்கு மேல் தரும். ஐபேடுக்கு ஆப்பிள் சொல்லும் சூழல் வெப்ப வரம்பு 35 டிகிரி. சூடேறினால் திரை தானாகவே மங்கும், பிறகு நின்றேவிடும். வெளிச்சத்தைக் கூட்டக் கூட்ட இன்னும் சூடாகும். நிழல் ஹூட் போடுங்கள், தடித்த கவரைக் கழற்றுங்கள். வெயிலில் வைத்துச் சார்ஜ் ஏற்றாதீர்கள். இடைவேளையில் நிழலில் ஏற்றிக்கொள்ளலாம்.

எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) டேப்லட் திரையைப் பார்த்து முடிவு செய்வது தவறு. லாக் (Log) முறையில் வெளிறிப் பதிவாகும் படமென்றால், அதை இயல்பான நிறத்தில் காட்டும் LUT-ஐ ஒரு இடத்தில் மட்டும் போடவும்: கேமரா அவுட்டிலோ, ஆப்பிலோ. இரண்டிலும் போட்டால் முகம் வெந்து, நிழல் கருகித் தெரியும். டைரக்டர் லைட்டிங்கைக் குறை சொல்லத் தொடங்குவார்.

ஸ்லோமோஷனுக்காகக் கேமராவில் பிரேம் ரேட்டை மாற்றினால் அவுட்புட் வடிவமும் மாறலாம். ஸ்ட்ரீம் அறுந்து மீண்டும் இணைய சில வினாடி ஆகும். 4கே அவுட்டை ஏற்காத டிரான்ஸ்மிட்டருக்குக் கேமராவில் 1080 என்று வையுங்கள். படமே வரவில்லையென்றால் வைஃபையைத் திட்டுவதற்கு முன் எச்.டி.எம்.ஐ. கேபிளை அசைத்துப் பாருங்கள். மினி, மைக்ரோ முனைகள் சீக்கிரம் தளர்ந்துவிடும். பையில் இரண்டு உபரி கேபிள் இருக்கட்டும்.