ஸ்லீப்பா, மேஜிக் மிசைலா?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதாபாத்திரமாக ஆடும் விளையாட்டில், முதல் லெவல் விசர்டிடம் (மந்திரவாதியிடம்) இருப்பது இரண்டே ஸ்லாட்; ஒரு ஸ்லாட்டுக்கு ஒரு மந்திரம்தான். அதை எந்த மந்திரத்துக்குச் செலவழிப்பது? 2014 விதிகளில் ஆடினால் எதிரியைத் தூங்க வைக்கும் ஸ்லீப், 2024 விதிகளில் ஆடினால் மந்திர அம்பு எய்யும் மேஜிக் மிசைல் என்பேன்.

முதலில் பழைய கணக்கு. மிசைலில் மூன்று அம்புகள், குறி தப்பாது, மொத்தச் சேதம் சராசரியாக 10.5. ஸ்லீப்புக்கு எட்டு முகப் பகடை ஐந்து, சராசரி 22.5. அத்தனை ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) அளவுக்கு எதிரிகள் தூங்கிவிடுவார்கள், சேவ் (தப்பிக்க எதிரி உருட்டும் பகடை) என்ற பேச்சே இல்லை. கோப்ளின் என்ற குட்டி அரக்கனுக்கு 7 ஹிட் பாயிண்ட். மிசைலில் ஒரு கோப்ளின் செத்து இன்னொன்று காயப்படும். ஸ்லீப்பில் மூன்று சுருண்டுவிடும். தூங்குகிறவனைப் பக்கத்தில் நின்று வெட்டினால், பட்ட அடியெல்லாம் கிரிட்டிகல் (சேதப் பகடை இரு மடங்கு) வேறு. முதல் லெவலுக்கு இது ரொம்பவே அதிகம்.

அதைவிடப் பெரிய அரக்கன் பக்பேருக்கு 27. முழு பலத்தில் இருக்கும்போது தூங்க வைப்பது கஷ்டம். ஃபைட்டர் (நம் குழுவின் போர்வீரர்) ஒரு வெட்டு வெட்டட்டும், 27 என்பது 19 ஆகட்டும், அப்புறம் போடுங்கள். ஆனால் குறைந்த ஹிட் பாயிண்ட் உள்ளவரிலிருந்துதான் கணக்கு தொடங்கும். 20 அடி ஆரமுள்ள வட்டத்துக்குள் 4 ஹிட் பாயிண்டோடு தள்ளாடும் நம்ம ஆள் நின்றால், முதலில் குறட்டை விடுவது அவர்தான்!

ஐந்தாம் லெவலில் கதை மாறுகிறது. மந்திரத்தின் பலத்தைக் கூட்டும் மூன்றாம் நிலை ஸ்லாட்டைக் கொடுத்தாலும் ஸ்லீப்பின் சராசரி 40.5தான்; ஓகர் என்ற ராட்சசனுக்கோ 59. எலும்புக்கூடு, ஸோம்பி எதற்கும் தூக்கமே வராது. மிசைல் மெதுவாகத்தான் வளரும், ஆனாலும் வீணாகாது. கான்சென்ட்ரேஷனில் (போட்ட மந்திரத்தை மனம் குவித்துத் தக்கவைப்பதில்; அடிபட்டால் கலையலாம்) இருக்கும் எதிரி மந்திரவாதிக்குத் தொல்லை கொடுக்க அதுவே போதும்.

2024 ஸ்லீப் வேறு மந்திரம் என்றே சொல்லலாம். ஆரம் 5 அடி, விஸ்டம் (விவேகம்) சேவ் உண்டு, கான்சென்ட்ரேஷனும் வேண்டும். முதல் சேவில் தோற்றால் செயலற்றுப் போவார்கள். அடுத்த டர்ன் முடிவில் மறுபடி தோற்றால்தான் தூக்கம். அதற்குள் கோப்ளின் சண்டையே முடிந்திருக்கும். ஆனால் ஹிட் பாயிண்ட் கணக்கு ஒழிந்தது, யாரைத் தாக்குவது என்பதும் நம் விருப்பம். லெவல் ஏறி, எதிரி தப்பிக்க எட்ட வேண்டிய சேவ் எண் 15 ஆகிவிட்டால், விஸ்டம் 7 உள்ள ஓகர் இரண்டு முறையும் தோற்க 64 சதவீத வாய்ப்பு. முதல் நிலை ஸ்லாட்டுக்கு இது லாபம்தான்.

சோர்சரராக (பிறவியிலேயே மந்திர சக்தி உள்ளவராக) ஆடுபவருக்குச் சிக்கல் குறைவு: லெவல் ஏறும்போது ஒன்றை விட்டு இன்னொன்றை எடுத்துக்கொள்ளலாம்.