நிறுத்தி வைத்த விமானத்துக்குக் காவல்: வேலி உணரியா, நுண்ணலை வளையமா, விமானத்துக்குள்ளேயே அலாரமா?

இரவில் திறந்தவெளியில் நிற்கும் விமானத்தை அனுமதியில்லாத ஒருவர் நெருங்குவதைக் கண்டறிய மூன்று வழிகளே பெரும்பாலும் பரிசீலனைக்கு வருகின்றன. விமான நிலையத்தின் சுற்றுவேலியில் கட்டப்படும் ஒளியிழை உணரி ஒன்று. விமானத்தைச் சுற்றித் தற்காலிகமாக நிறுத்தப்படும் நுண்ணலைக் கம்பங்களின் வளையம் மற்றொன்று. விமானத்தின் கதவுகளிலும் உட்புறத்திலும் பொருத்தப்படும் அலாரம் மூன்றாவது. சில சிறிய ஜெட் விமானங்களுக்கான பாதுகாப்பு ஏற்பாட்டை முடிவு செய்யும் பொறுப்பில் எனக்கும் பங்கு இருந்தபோது, மூன்றையும் எடைபோட்டு நாங்கள் வளையத்தைத் தேர்ந்தெடுத்தோம். இன்றும் நான் அதன் பக்கமே நிற்கிறேன். ஆகவே இந்த ஒப்பீட்டில் அதற்குக் கூடுதல் இடம் கிடைப்பது இயல்பே.

வெளிச்சம் வேண்டும், கதவுகள் மூடியிருக்க வேண்டும், படிக்கட்டை அப்புறப்படுத்த வேண்டும், பிரித்தால் தெரியும்படியான முத்திரையைக் கதவு விளிம்பில் ஒட்ட வேண்டும் என்பவையெல்லாம் எந்த முறைக்கும் பொதுவானவை. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் பாதுகாப்பு விதிகளைக் கொண்ட 17-ஆம் இணைப்பு கேட்கும் புறப்பாட்டுக்கு முந்தைய பாதுகாப்புச் சோதனையும் அப்படியே. ஆனால் அந்தச் சோதனை, நடந்து முடிந்ததைக் காலையில் கண்டுபிடிப்பதற்கானது. நடந்துகொண்டிருப்பதை இரவிலேயே சொல்வதற்குத்தான் கண்டறி அமைப்பு தேவைப்படுகிறது. காட்சியைப் பதிவு செய்வதோடு நின்றுவிடும் கேமராவையும் இதே காரணத்தால் நான் கண்டறி அமைப்பாகக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

வேலியிலிருந்து தொடங்கலாம். வேலியில் ஏறும்போதோ கம்பியை வெட்டும்போதோ உண்டாகும் அதிர்வு, அதனோடு கட்டப்பட்ட ஒளியிழைக்குள் செல்லும் ஒளியில் சிறு மாற்றத்தை உண்டாக்குகிறது. அந்த மாற்றத்தை அலசி, நல்ல கருவிகள் இடத்தைச் சில மீட்டர் துல்லியத்தில் சொல்லிவிடுகின்றன. ரேடார்களும் வானொலிக் கருவிகளும் நிறைந்த விமான நிலையத்தில், மின்காந்த இடையூறு எதுவும் அண்டாத ஒளியிழை உண்மையிலேயே மதிப்புள்ள தேர்வு. களத்தில் மின்சாரம் தேவையில்லை என்பதும் சிறிய வசதியல்ல.

ஆயினும் வேலி ஒரு கோடு மட்டுமே. அதைத் தாண்டிவிட்டவர் அதற்குப் பிறகு எங்கே போகிறார் என்பது வேலிக்குத் தெரியாது. 2012 ஆகஸ்டில் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்தை ஒட்டிய ஜமைக்கா விரிகுடாவில், பழுதாகி நின்ற தன் நீர்ஸ்கூட்டரை விட்டு நீந்திக் கரையேறிய ஒருவர், வேலியைத் தாண்டி ஓடுபாதைகளைக் கடந்து முனையக் கட்டடம் வரை நடந்தே வந்துவிட்டார். சுமார் 10 கோடி டாலர் செலவில் நிறுவப்பட்ட ஊடுருவல் கண்டறி அமைப்பு அங்கே இருந்தது. 2014 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே விமான நிலையத்தில் வேலியைத் தாண்டிய பதின்ம வயதுச் சிறுவன் ஒருவன், நின்றிருந்த போயிங் 767-இன் சக்கரக் குழிக்குள் ஏறி ஒளிந்துகொண்டு, ஹவாயின் மௌயி தீவில் உயிரோடு இறங்கிய பிறகுதான் பிடிபட்டான். கடைசியில் அந்த விமானத்தை நெருங்கிய ஓர் ஆளை, விமானத்துக்கு அருகில் இருந்த எதுவும் பார்க்கவில்லை என்பதுதான் இதில் என்னை உறுத்தும் செய்தி.

வேலி அறவே காணாத இன்னொரு வகை ஆள் உண்டு: அடையாள அட்டையோடு வாயில் வழியாகவே வருபவர். 2018 ஆகஸ்ட் 10 அன்று சியாட்டில்-டகோமா விமான நிலையத்தில், தரைப்பணி ஊழியர் ஒருவர், பயணிகள் யாருமின்றி நின்றிருந்த கியூ400 விமானத்தை இழுவை வண்டியால் தானே திருப்பி நிறுத்தி, பிறகு அதை ஓட்டிக்கொண்டு வானில் ஏறினார். அந்த விமானம் கெட்ரான் தீவில் விழுந்து நொறுங்கியது. அவர் எந்த வேலியையும் தாண்டவில்லை. விமானத்தைச் சுற்றியே ஒரு கண்டறி வளையம் இயங்கிக்கொண்டிருந்தால், ஊழியரானாலும் அந்நியரானாலும் உள்ளே நுழைந்த கணத்தில் அலாரம் அடித்திருக்கும். அதைக் கேட்டு ஒருவர் நடந்து வந்து பார்ப்பதற்கு, இழுவை வண்டியை மாட்டி விமானத்தைத் திருப்ப ஆகும் நேரமே போதுமானதாக இருந்திருக்கக்கூடும்.

விமானத்துக்குள்ளேயே பொருத்தும் அலாரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விமானம் எங்கே போனாலும் கூடவே வருகிறது என்பது அதன் பெரிய பலம். அடிக்கடி வெவ்வேறு ஊர்களில் இரவு தங்கும் விமானத்துக்கு அது பொருந்தும். ஆனால் நிரந்தரமாகப் பொருத்த விமானத் தகுதி சார்ந்த ஒப்புதல் தேவை, விமானத்தின் மின்கலத்திலிருந்தே மின்சாரம் எடுத்தால் நீண்ட நாள் நிறுத்தத்தில் அது சிக்கலாகும், வெயிலில் அடைத்துக் கிடக்கும் கேபினின் வெப்பம் மனித உடலின் வெப்பத்தை நெருங்கும்போது உட்புற அகச்சிவப்பு உணரி மந்தமாகும். இவற்றைவிடப் பெரிய குறை, கதவில் கை வைத்த பிறகே அது பேசும் என்பது. சக்கரக் குழி, எஞ்சினின் முகப்பு, எரிபொருள் மூடி ஆகியவற்றுக்குக் கதவு தேவையில்லை.

இனி வளையம். நான்கு மூலைகளில் கம்பங்களை நிறுத்தி, ஒன்றிலிருந்து நுண்ணலையை அனுப்பி அடுத்ததில் பெறுகிறோம். இரண்டுக்கும் நடுவே ஒருவர் குறுக்கிட்டால், பெறப்படும் அலையின் அளவு மாறுகிறது. மூடுபனியும் புகையும் அகச்சிவப்புக் கதிர்வேலியை முடக்கிவிடும்; நுண்ணலை அவற்றை ஊடுருவிச் செல்லும். கம்பத்துக்கு மிக அருகில் அலைக்கற்றை குறுகலாக இருப்பதால், அதன் அடியில் தவழ்ந்து செல்ல ஓர் இடைவெளி இருக்கும். அதனால் ஒரு பக்கத்தின் கற்றை அடுத்த பக்கத்தின் கற்றையை மூலையில் வெட்டிச் செல்லும்படி கம்பங்களைத் தள்ளித் தள்ளி வைக்க வேண்டும். தரை மேடுபள்ளமாக இருந்தால் நுண்ணலை தடுமாறும் என்பது பொதுவான குறைபாடு. இங்கேதான் விமான நிறுத்துதளம் நமக்குச் சாதகமாகிறது: நிறுத்துமிடத்தின் சரிவு 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது சர்வதேசப் பரிந்துரை. நுண்ணலைக்கு இதைவிடப் பொருத்தமான தரை எளிதில் கிடைக்காது. கான்கிரீட்டை வெட்டிப் புதைக்க வேண்டிய கேபிள் உணரிக்கு அதே தரை பெரும் தடை. கான்கிரீட்டின் உள்ளிருக்கும் இரும்புக் கம்பிகளும் அதற்குத் தொல்லை.

இவையெல்லாம் முடிவுக்கு உதவின. ஆனால் முடிவைத் தீர்மானித்தது வேறு ஒன்று. அது வீண் அலாரம். உணரி பழுதின்றி வேலை செய்கிறது, ஏதோ ஒன்று அசைந்ததும் உண்மை, ஆனால் அசைந்தது மனிதர் அல்ல என்னும் நிலையையே இங்கே வீண் அலாரம் என்கிறேன். கண்டறியும் திறனைப் பற்றி விற்பவர்கள் எல்லாரும் பேசுகிறார்கள். 95 சதவீதம், 98 சதவீதம் என்று எண்கள் வருகின்றன. அலாரம் அடித்தபோது காவலர் எழுந்து போவாரா என்பதை எந்த விவரக் குறிப்பும் சொல்வதில்லை. ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சுற்றுவேலியின் நீளம் 8 கிலோமீட்டர் என்றும், கிலோமீட்டருக்கு ஓர் இரவில் ஒரே ஒரு வீண் அலாரம்தான் வருகிறது என்றும் வைத்துக்கொள்வோம். இது மோசமான நிலையன்று. அப்படியும் இரவுக்கு 8, ஆண்டுக்கு மூவாயிரத்துக்கு அருகில். உண்மையான ஊடுருவல் ஆண்டுக்கு ஒன்று நடந்தால், அந்த ஒன்று மூவாயிரத்தில் ஒன்றாக வந்து நிற்கும். கட்டுப்பாட்டறையில் இருப்பவர் எவ்வளவு கடமையுணர்வு உள்ளவரானாலும், சில வாரங்களிலேயே அவருடைய விரல் அலாரத்தை அணைக்கும் பொத்தானைத் தானாகத் தேடத் தொடங்கும். இதற்கு அவரைக் குறை சொல்வது நியாயமில்லை.

சுமார் 20 மீட்டர் நீளமும் ஏறத்தாழ அதே இறக்கை அகலமும் கொண்ட ஜெட் விமானத்துக்கு, நாற்புறமும் 10 மீட்டர் இடைவெளி விட்டு வளையம் அமைத்தால் சுற்றளவு 160 மீட்டர்தான். அந்த வேலியில் ஐம்பதில் ஒரு பங்கு. அதே விகிதத்தில் வீண் அலாரம் வந்தாலும் ஆறு இரவுகளுக்கு ஒரு முறைதான் காவலர் எழுந்து போக வேண்டியிருக்கும். ஆறு நாளைக்கு ஒரு முறை அடிக்கும் மணியை மனிதர்கள் நம்புவார்கள்.

நீளத்தைவிட முக்கியமானது, வீண் அலாரத்தின் காரணம் யார் கையில் இருக்கிறது என்பது. வேலியில் அதற்குக் காரணம் காற்று, தளர்ந்த கம்பிவலை, உரசும் மரக்கிளை, விலங்கு, அருகில் ஓடும் வாகனத்தின் அதிர்வு. அவற்றில் பெரும்பாலானவை விமானத்தை வைத்திருப்பவரின் அதிகாரத்துக்கு வெளியே உள்ளவை. வேலியே அவருடையதன்று. வளையத்திலோ காரணங்கள் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கின்றன, பெரும்பாலும் அன்றிரவே சரிசெய்யக்கூடியவை. எஞ்சின் உறையின் பட்டை தளர்ந்து கற்றைக்குள் படபடத்தால் இழுத்துக் கட்டலாம். உறை போடாத எஞ்சினின் விசிறி காற்றில் தானாகச் சுழன்று சில வகை உணரிகளை ஏமாற்றும். உறை போட்டால் தீர்ந்தது. மழைநீர் தேங்கிய இடத்தில் காற்று எழுப்பும் சிற்றலையும் நுண்ணலையைக் கலைக்கும். கம்பத்தை இரண்டு மீட்டர் நகர்த்தினால் போதும். கற்றை நடுவில் அகன்றிருப்பதால் பக்கத்துச் சேவைச் சாலையின் வண்டிகளையும் தொடக்கூடும். அதையும் இடம்மாற்றித் தீர்க்கலாம். இறக்கையின் நிழலில் ஒதுங்கும் பறவைகளுக்கு மட்டும் முழுத் தீர்வு இல்லை.

வீண் அலாரத்தைக் குறைக்க, நுண்ணலையும் அகச்சிவப்பும் போன்ற இரண்டு வகை உணரிகளை இணைத்து, இரண்டும் சேர்ந்து சொன்னால் மட்டுமே அலாரம் என்று வைப்பது ஒரு வழக்கம். அதன் விலையைக் கணக்கிட்டுப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளக் கூடாது. தனித்தனியே 95 சதவீதம் கண்டறியும் இரண்டு உணரிகள், ஒன்றையொன்று சாராதவை என்றால், இரண்டும் சேர்ந்து சொல்லும் வாய்ப்பு 90 சதவீதமாகக் குறைகிறது. போதாததற்கு, மூடுபனியில் அகச்சிவப்பு குருடானால் முழு அமைப்பும் குருடாகிவிடும். அதனால் அலாரம் அடிக்கும் உரிமையை நுண்ணலைக்கு மட்டும் கொடுத்து, அடித்த பக்கத்தை உடனே திரையில் காட்டும் வேலையை வெப்பக் கேமராவிடம் விட்டோம். தரையின் வெப்பமும் மனிதரின் வெப்பமும் ஒன்றாகிவிடும் சில மணி நேரங்களில் அந்தக் கேமராவின் படம் மங்கும். படம் தெளிவாக இல்லையென்றால் நேரில் போய்ப் பார்ப்பது என்பதே எங்கள் நடைமுறை.

வளையத்துக்கு எதிராக வலுவான வாதம் ஒன்று உண்டு, அது நேரம். 10 மீட்டரை ஓடிக் கடக்க இரண்டே விநாடி போதும். 500 மீட்டர் தொலைவில் உள்ள வேலியோ, விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் ஓடுபவருக்கு எதிராக 125 விநாடி தருகிறது. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் 2025 ஜூனில் பிரிட்டனின் பிரைஸ் நார்ட்டன் விமானப்படைத் தளத்தில் மின் ஸ்கூட்டரில் நுழைந்தவர்கள், நின்றிருந்த இரண்டு வாயேஜர் விமானங்களின் மீது சிவப்புச் சாயத்தைத் தெளித்துவிட்டுப் போனார்கள். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் அதே 500 மீட்டர் சுமார் 70 விநாடியாகச் சுருங்கிவிடும். வேலி தரும் நேரம் நாம் நினைப்பதைவிடக் குறைவு. வளையம் தரும் நேரத்தைப் பூட்டிய கதவும் அகற்றிய படிக்கட்டும் நீட்டித்துத் தருகின்றன. ஆயுதம் தாங்கிய குழுவுக்கு எதிராக இந்த வாதம் செல்லாது. 2012 செப்டம்பர் 14 அன்று ஆப்கானிஸ்தானின் கேம்ப் பாஸ்டியனில் வேலியை வெட்டி நுழைந்த 15 பேர் ஆறு ஹாரியர் விமானங்களை அழித்தார்கள். அத்தகைய ஆபத்து உள்ள இடத்தில் கண்டறிதல் வேலிக்கும் வெளியே தொடங்கியாக வேண்டும். மேலிருந்து வரும் ட்ரோனுக்கு எதிராக இந்த மூன்றில் எதுவும் பயன்படாது.

தரைக் கண்காணிப்பு ரேடாரையும் லேசர் ஸ்கேனரையும் செயல்விளக்கத்தில் பார்த்த அளவில்தான் எனக்குத் தெரியும். ஒரே கருவியால் தளம் முழுவதையும் பார்த்து, நடமாடும் ஆளைத் தொடர்ந்து பின்பற்றுவது கவர்ச்சியாகவே இருந்தது. பல விமானங்கள் அடுத்தடுத்து நிற்கும் பெரிய தளத்தில் அவை வளையத்தை வென்றுவிடக்கூடும் என்று ஊகிக்கிறேன். மழைக்காலம் முழுவதும் அவற்றோடு பழகியவர்களின் சொல்லுக்கு என் ஊகத்தைவிட அதிக எடை கொடுங்கள்.

வளையத்தை வாங்க முடிவு செய்பவர்கள் பராமரிப்பைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். கம்பங்களின் மின்கலத்தை முறை வைத்து மாற்ற வேண்டும். அருகில் செல்லும் விமானத்தின் எஞ்சின் காற்றில் கவிழாதபடி கனமான அடிப்பகுதி வேண்டும். கழன்று விழுந்த ஒரு திருகாணி கூட எஞ்சினுக்குள் போகும் அபாயம் உண்டு என்பதால், எடுத்து வைக்கும்போது ஒவ்வொரு பாகத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கம்பியில்லாத் தொடர்பு அறுந்தால் அதுவே அலாரமாக ஒலிக்கும் வகையைத்தான் வாங்க வேண்டும். பராமரிப்புக் குழு உள்ளே வருவதற்காக அணைத்த வளையத்தை அவர்கள் போன பிறகு மறுபடி இயக்க மறப்பதே இந்த முறையின் மிகப் பெரிய ஓட்டை. குறித்த நேரம் முடிந்ததும் தானாகவே விழித்துக்கொள்ளும்படி அமைக்க முடியுமா என்று விற்பவரிடம் முதலில் கேளுங்கள். பணம் கொடுக்கும் முன், பலத்த காற்று வீசும் ஓர் இரவில் அதை உங்கள் விமானத்தைச் சுற்றியே நிறுத்தி, ஒருவரை நான்கு மூலைகளிலும் தரையோடு தரையாகத் தவழ்ந்து வரச் சொல்லிச் சோதித்துவிடுங்கள்.