மொட்டை மாடிக்கு பேனல் போர்டு ஏற்ற கிரேன்: நாகர்கோவில் அனுபவம்

கோட்டாறு பக்கம் எங்கள் கடைக் கட்டடத்து மொட்டை மாடிக்கு சோலார் இன்வெர்ட்டர், பேனல் போர்டு, கேபிள் டிரம் எல்லாம் போகணும். படிக்கட்டில் டிரம் திரும்பவே திரும்பாது. உள்ளூரில் ஒரு கிரேன்காரரைக் கூப்பிட்டோம்.

பிடித்த விஷயம், வண்டியை அனுப்பும் முன்பே ஆள் நேரில் வந்தார். எடையை மட்டும் கேட்டுவிட்டுப் போகவில்லை, சுவரிலிருந்து வண்டி எவ்வளவு தள்ளி நிற்கும் என்று டேப் பிடித்து அளந்தார், ஏனென்றால் பூம், அதாவது கிரேனின் நீளும் கை, நீண்டு சாயச் சாய கிரேன் தூக்கும் எடை மளமளவென்று குறையும், 14 டன் வண்டி என்றால் அந்த 14 டன் பக்கத்தில் வைத்துத் தூக்கினால்தான். வாசலில் போகும் 11 கேவி லைனை மின்வாரியம் நிறுத்தாமல் தூக்க மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். நியாயம்தானே!

ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று சும்மா விடுமா? அதனால் காற்று கிளம்பும் முன், அதிகாலையிலேயே, போர்டின் இரண்டு பக்கமும் கயிறு கட்டித் தூக்கினார்கள். டிரம்மை நடு ஸ்லாபில் வைக்காமல் பீம் மேல் இறக்கினார்கள், சூப்பர்.

பில்தான் கடுப்பு. காத்திருந்த நேரத்துக்குத் தனிக் காசாம், முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாடகைக் கணக்கு, வண்டி ஷெட்டிலிருந்து கிளம்பும்போதே ஓடுமா, வந்து சேர்ந்த பிறகா என்று எழுதி வாங்கிவிட்டுக் கூப்பிடுங்கள்.