மக்கள் ஓட்டா, நடுவர் நாக்கா?

தருமபுரியில் எங்கள் தெருப் பொங்கல் விழாவில் கேழ்வரகுக் களி கிளறும் போட்டி ஒன்று உண்டு. முதல் பரிசு ஒரு பித்தளை அண்டா. அந்த அண்டாவுக்காக இரண்டு வீடுகள் சித்திரை வரை முகம் பார்த்துப் பேசிக்கொள்ளாமல் இருந்தன என்றால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். அதற்குக் காரணம் நான்தான். தீர்ப்பு முறையை முடிவு செய்யும் வேலையை விழாக் குழு என்னிடம் ஒப்படைத்திருந்தது. 'ராத்திரி பத்து மணிக்குமேல் இவனுக்குப் பிக் பாஸைத் தவிர வேறு பேச்சே கிடையாது' என்பதுதான் அதற்கு நான் பெற்றிருந்த தகுதி.

ஒரு பொங்கலுக்கு மக்கள் ஓட்டு வைத்தேன். அடுத்த பொங்கலுக்கு நடுவர்களை வைத்தேன். மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது: போட்டியாளர்களே ஒருவருக்கொருவர் ஓட்டுப் போட்டு வெளியேற்றிக்கொள்வது. அதைத் தெருவில் செய்து பார்க்கும் துணிச்சல் எனக்கு இல்லை. தொலைக்காட்சியில் மூன்றையும் பார்த்திருக்கிறேன். என் சாய்வை இப்போதே சொல்லிவிடுகிறேன், நான் நடுவர் கட்சி.

விறுவிறுப்பு என்று எடுத்தால் மக்கள் ஓட்டை எதுவும் வெல்லாது, அதில் விவாதமே இல்லை. செலவும் குறைவு. நடுவர்களுக்குச் சால்வை வாங்க வேண்டாம். இந்த இரண்டையும் அதன் கணக்கில் எழுதிவிட்டு மேலே போகலாம்.

மக்கள் ஓட்டு என்றதும் நம் ஊரில் நினைவுக்கு வருவது, போட்டியாளர்களை ஒரே வீட்டில் அடைத்துவைத்து ஒவ்வொருவராக வெளியேற்றும் பிக் பாஸ்தான். தமிழில் அது 2017 ஜூன் மாதம் தொடங்கியது. ஓசூரில் இருக்கும் என் மச்சான் வீட்டில் அதற்கு நான்கு ஆண்டு முன்பிருந்தே கன்னடத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2013 முதல் அங்கே சுதீப் நடத்துகிறார். அதனால் தமிழில் வந்தபோது அவர்கள் எங்களைப் பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளைப் போலப் பார்த்தார்கள். 'யார் நல்லவர் என்று பார்க்காதீர்கள் மாமா, வெளியே யாருக்கு ஆள் இருக்கிறது என்று பாருங்கள்' என்று மச்சான் மகன் முதல் வாரமே சொன்னான். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

பிக் பாஸில் தீர்ப்புக்கு இரண்டு அடுக்கு உண்டு. வீட்டில் இருப்பவர்கள் நாமினேஷன் செய்கிறார்கள், அதாவது வெளியேற்றத் தங்களுக்குள் சிலர் பெயரைச் சொல்கிறார்கள். அந்தப் பட்டியலில் யாரைக் காப்பாற்றுவது என்று மக்கள் ஓட்டுப் போடுகிறார்கள், ஓட்டுக் குறைந்தவர் வெளியேறுகிறார். இந்த இரண்டு அடுக்கும் எதிரெதிராக இழுப்பதில்தான் அந்த ஆட்டத்தின் சூட்சுமம் இருக்கிறது. வீட்டில் உள்ளவர்கள் ஒருவரை வெறுத்து வாராவாரம் நாமினேஷனில் தள்ளினால் அவருக்கு நட்டமில்லை, லாபம்தான். அவருடைய ரசிகர்களுக்கு வாராவாரம் ஓட்டுப் போட்டுப் பழக்கமாகிவிடும். நான்காவது சீசனில் ஆரி அப்படித்தான் வளர்ந்தார் என்பது என் கட்சி. சக போட்டியாளர்கள் அவரைத் தள்ளத் தள்ள வெளியே அவருக்கு ஆதரவு கூடியது, கடைசியில் கோப்பையும் அவருக்கே போனது. எப்போதும் பத்திரமாக இருந்து நாமினேஷன் பட்டியலிலேயே வராதவருக்கு ஓட்டுப் போட யாரும் பழகியிருக்க மாட்டார்கள். ஒருநாள் அவர் பெயர் வரும்போது அவருக்காகக் கைப்பேசியை எடுக்க ஆள் இருக்காது.

இன்னொன்றும் உண்டு. வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு வெளியுலகம் தெரியாது. அவர்களுக்குக் கிடைக்கும் ஒரே துப்பு, வார இறுதியில் தொகுப்பாளர் பேசும்போது அரங்கில் இருப்பவர்கள் தட்டும் கை. எந்த வாக்கியத்துக்குக் கைதட்டல் எழுகிறதோ அதற்கேற்ப அடுத்த வாரம் நடந்துகொள்வார்கள். ஏழாவது சீசனில் நடுவில் வைல்டு கார்டாக உள்ளே போன அர்ச்சனா கோப்பையை வென்றதை எங்கள் டீக்கடையில் அதிர்ஷ்டம் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் சில வாரங்களை மக்களோடு மக்களாக வெளியே இருந்து பார்த்துவிட்டுப் போனவர் அவர். கேள்வித்தாளைப் பார்த்துவிட்டுப் பரீட்சை எழுதப் போனதற்குச் சமம்.

இதையெல்லாம் ரசித்துத்தான் நானும் களிப் போட்டிக்கு மக்கள் ஓட்டு வைத்தேன். வருகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு மொச்சைக்கொட்டை. ஒவ்வொரு சட்டிக்கு முன்னாலும் ஒரு டம்ளர். பிடித்த களிக்குக் கொட்டையைப் போட வேண்டியதுதான்.

பாலக்கோட்டிலிருந்து இரண்டு வேன் வந்து நின்றது. போட்டியாளர் ஒருவரின் பிறந்த வீட்டுச் சனம். இறங்கினார்கள், ஆளுக்கொரு கொட்டை வாங்கினார்கள், நேரே போய் அந்த டம்ளரில் போட்டார்கள். அப்போது உலையில் நொய் கூட வெந்திருக்கவில்லை. கேழ்வரகு மாவு பக்கத்தில் முறத்தில் இருந்தது. களி பிறப்பதற்கு முன்பே ஜெயித்துவிட்டது.

இதைக் கள்ள ஓட்டு என்று சொல்ல முடியாது, விதிப்படி எல்லாம் சரிதான். பதினாறு கொட்டை வித்தியாசத்தில் தோற்ற பெரியம்மா, ஐம்பது வருடமாகக் களி கிளறுகிறவர், மேடைக்குப் பின்னால் வந்து என்னைக் கேட்டார்: 'என் களியில் என்ன குறை, தம்பி?'

நான் என்ன சொல்வது? பதினாறு கொட்டை குறை என்றுதான் சொல்ல முடியும். அதைத் தவிர அந்த முறையில் வேறு பதிலே கிடையாது.

என்னைப் பொறுத்தவரை இந்த ஒப்பீடு முழுவதும் நிற்பது அந்தக் கேள்வியில்தான். நேர்மை, விறுவிறுப்பு, செலவு எல்லாம் அதற்குப் பிறகு. தோற்றவருக்குக் காரணம் கிடைக்கிறதா? பிக் பாஸில் கிடைக்காது. வாராவாரம் யாருக்கு எத்தனை ஓட்டு விழுந்தது என்று வெளியிடுவதில்லை. வெளியிட்டாலும் ஓட்டு என்பது எண்ணிக்கை, அதற்கு வாய் கிடையாது. பல லட்சம் பேர் பல லட்சம் காரணத்துக்காகப் போட்டிருப்பார்கள். ஒருவர் அவர் பேச்சுக்காகப் போட்டிருப்பார், இன்னொருவர் அவருடைய எதிரியைப் பிடிக்காமல் போட்டிருப்பார், நான்காம் வீட்டுப் பாட்டி அவர் தன் பேரனைப் போல இருப்பதால் போட்டிருப்பார். அதனால்தான் சனி, ஞாயிறுகளில் தொகுப்பாளர் அவ்வளவு நேரம் பேச வேண்டியிருக்கிறது என்று நினைக்கிறேன். முன்பு கமல்ஹாசன், எட்டாவது சீசனிலிருந்து விஜய் சேதுபதி. ஊமை ஓட்டுக்கு அவர்கள் குரல் கொடுக்கிறார்கள். குரல் அவர்களுடையது, ஓட்டு மக்களுடையது. இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2023 ஜனவரியில் ஆறாவது சீசனில் அசீம் வென்று விக்ரமன் இரண்டாவதாக வந்தபோது நான்கு ரோட்டுப் பக்கம் நான் போகும் டீக்கடையில் ஒரு வாரம் சண்டை ஓயவில்லை. ஓயாததற்குக் காரணம், சரிபார்க்க ஒன்றுமில்லை என்பதுதான். காரணம் சொல்லப்படாத இடத்தில் ஆளாளுக்கு ஒரு காரணத்தை நட்டு வளர்க்கலாம்.

இப்போது நடுவர் பக்கம் வருவோம். சன் டிவியில் 2021-இல் வந்த சமையல் போட்டியான மாஸ்டர்செஃப் தமிழில் கௌஷிக், ஆர்த்தி, ஹரிஷ் ராவ் என்று மூன்று நடுவர்கள். தட்டை முன்னால் வைத்தவுடன் ஒரு கரண்டி எடுப்பார்கள், மெல்லுவார்கள், பிறகு சொல்வார்கள். உப்பு குறைவு, கறி வேகவில்லை, தட்டில் இரண்டு பொருள்கள் ஒன்றோடொன்று பேசவில்லை. பிடிக்கிறதோ இல்லையோ, போட்டியாளர் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். சமைப்பவரோடு ஒரு கோமாளியையும் சேர்த்துவிடும் குக்கு வித் கோமாளியின் முதல் நான்கு சீசன்களில் ஆயிரம் கூத்து நடந்தாலும், நடுவர்களாக இருந்த தாமுவும் வெங்கடேஷ் பட்டும் கரண்டியை வாயில் வைத்த நொடியில் கூத்து நின்றுவிட்டது. அந்த நொடிதான் எனக்கு அந்த நிகழ்ச்சி.

ஒரே ஆளை இரண்டு முறைகளும் எப்படி எடைபோடுகின்றன என்று பார்க்கத் தமிழில் நல்ல எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன. வனிதா விஜயகுமார் பிக் பாஸ் மூன்றாவது சீசனில் மக்கள் ஓட்டில் வெளியேறினார், மறுபடி உள்ளே போய் மறுபடியும் வெளியேறினார். அடுத்த ஆண்டே குக்கு வித் கோமாளி முதல் சீசனில் வென்றார். பிரியங்கா தேஷ்பாண்டே பிக் பாஸ் ஐந்தாவது சீசனில் ராஜுவுக்கு அடுத்த இடத்தில் நின்றார், 2024-இல் குக்கு வித் கோமாளி ஐந்தாவது சீசனில் முதலிடம். ஒரு முறை சரி, மற்றது தவறு என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. கேட்கப்பட்ட கேள்வியே வேறு. அங்கே 'உன்னை எனக்குப் பிடிக்கிறதா?' என்று கேட்டார்கள், இங்கே 'குழம்பு எப்படி?' என்று கேட்டார்கள்.

அடுத்த பொங்கலுக்கு மூன்று நடுவர்களைப் பிடித்தேன். பணி ஓய்வு பெற்ற சத்துணவு சமையலர் ஒருவர், மெஸ் நடத்தும் ஓர் அக்கா, காரிமங்கலத்திலிருந்து என் அத்தை. ஒரே நிபந்தனை, மதிப்பெண் போட்டால் அதற்குக் காரணத்தை மைக்கில் சொல்ல வேண்டும்.

சமையலர் செய்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். முதலில் விரலைத் தண்ணீரில் நனைத்துக் களி உருண்டையின் மேல் வைத்து எடுத்தார். ஒட்டவில்லை. மேலே எல்லாம் வழவழவென்று, பார்க்க அழகாகத்தான் இருந்தது. அடுத்து நூலால் இட்லியை அறுப்பதுபோல உருண்டையை இரண்டாகப் பிளந்தார். நடுவில் சுண்டைக்காய் அளவு ஒரு கட்டி. அதை நகத்தால் கீறினார். உள்ளே வெள்ளை வெளேரென்று வேகாத மாவு. மைக்கை வாங்கி, 'மாவைக் கொட்டியதும் துடுப்பைப் போட்டுவிட்டீர்கள் அம்மா. மாவின் மேல் கொதி ஏறி அது தானாக வேகும்வரை விட்டிருக்க வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே கட்டி நின்றுவிடும்' என்றார்.

அந்த உருண்டை, போன ஆண்டு பதினாறு கொட்டையில் தோற்ற அதே பெரியம்மாவுடையது.

அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. அரை மணி நேரம் சண்டை போட்டார். தன் அடுப்புப் பக்கம் காற்று வீசியது, கொடுத்த விறகு ஈரம், மாவு மில்லில் கொரகொரப்பாக அரைத்துவிட்டார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சமையலர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். விறகு ஈரம் என்பதை ஒப்புக்கொண்டார், மற்றதை ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் பெரியம்மா, 'சரி, அடுத்த வருடம் என் வீட்டு விறகைத்தான் கொண்டு வருவேன்' என்று எழுந்து போனார். மறுநாள் காலை பால் வாங்க வந்தபோது என்னிடம் பேசினார். போன ஆண்டு பேசியிருக்கவில்லை.

நடுவர் முறையிலும் குறை உண்டு, மறைக்க மாட்டேன். தொலைக்காட்சியில் நமக்கு ருசி தெரியாது. நடுவர் சொல்வதை நம்புவதைத் தவிர வழியில்லை. அத்தை நடுவராக இருந்ததற்கு என்னிடமே இரண்டு பேர் சாடையாகக் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் நடுவர்தான் வேண்டும் என்றும் சொல்லத் தயாரில்லை. பாட்டு என்றால் நடுவர் கேட்கும் அதே குரலை நானும் கேட்கிறேன். சூப்பர் சிங்கர் ஆறாவது சீசனில், 2018-இல், நாட்டுப்புறப் பாடகர் செந்தில் கணேஷ் வென்றபோது எங்கள் வீட்டில் துள்ளிக் குதித்தோம். அந்தக் குரலுக்கு ஓட்டுப் போட யாரும் எங்களுக்குப் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை. காதுக்கு எட்டுவதை மக்களிடம் விடலாம். நாக்குக்கு மட்டும் தெரிவதை விட முடியாது.

மூன்றாவது வழியைப் பற்றி எனக்கு அனுபவம் மெலிது. சர்வைவர் தமிழில் ஒரே சீசன்தான், 2021-இல் ஜீ தமிழில். அர்ஜுன் நடத்தினார், தான்சானியாவின் சான்சிபாரில் படமாக்கினார்கள், ஒரு கோடி ரூபாயை விஜயலட்சுமி வென்றார். அந்த ஆட்ட வகையில் போட்டியாளர்களே ஒருவரை ஒருவர் ஓட்டால் வெளியேற்றுவார்கள். வெளியேறியவர்களே கடைசியில் நடுவராக உட்கார்ந்து வென்றவரைத் தீர்மானிப்பார்கள். நீ யாரை முதுகில் குத்தினாயோ அவர் கையில்தான் உன் பரிசு. அதனால் குத்தும்போதும் மரியாதையாகக் குத்த வேண்டும். அமெரிக்காவில் 2000-இல் நடந்த முதல் சீசனில் ரிச்சர்ட் ஹாட்ச் அப்படிப்பட்ட கடைசி ஓட்டில் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் தப்பிப் பிழைத்து வென்றார். ஓட்டுச் சீட்டைக் காமிராவுக்குக் காட்டிக் காரணத்தைச் சொல்லிவிட்டுப் போடுவதால் என் அளவுகோலில் இதற்கு மக்கள் ஓட்டைவிட நல்ல மதிப்பெண் உண்டு. பிக் பாஸுக்கு மூலமான பிக் பிரதரையே அமெரிக்காவில் முதல் சீசனில் மக்கள் ஓட்டில் நடத்தி, 2001-இல் வந்த இரண்டாவது சீசனிலிருந்து வீட்டுக்குள் இருப்பவர்களே வெளியேற்றும்படி மாற்றிவிட்டார்கள். அதன் பிறகுதான் அங்கே கூட்டணி, காய் நகர்த்தல் எல்லாம் சூடுபிடித்தன. ஆனால் எங்கள் தெருவில் ஏழு பெண்களிடம் சீட்டைக் கொடுத்து 'யாரை அனுப்பலாம்?' என்று கேட்டால், நன்றாகக் கிளறுகிறவர்தான் முதலில் போவார். தொலைக்காட்சியில் அது சுவை. தெருவில் மறுநாளும் அதே குழாயில் தண்ணீர் பிடிக்க வேண்டும்.

வரும் பொங்கலுக்குக் குழுவில் பேசிவிட்டோம். பிள்ளைகளின் பாட்டுப் போட்டிக்கு மக்கள் ஓட்டு, மிச்சமிருக்கும் மொச்சைக்கொட்டை அதற்குப் போதும். களிக்கு மூன்று நடுவர், அத்தை இல்லை. விறகு அவரவர் வீட்டிலிருந்து. மைக் வாடகையை யார் கொடுப்பது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. போன முறை பெரியம்மா பேசியே அரை மணி நேரம் கூடுதலாக ஓடியது.