நீல ரோஜா விதை வாங்கித் தக்காளி வளர்த்த கதை: ஓர் எச்சரிக்கை

சென்ற ஆண்டு ஆடிப்பெருக்குக்குச் சில நாட்கள் முன்பு, திருச்சியில் உள்ள எங்கள் வீட்டு மாடித் தோட்டத்திற்காக, இணைய அங்காடி ஒன்றில் 449 ரூபாய் கொடுத்து 45 வகைப் பூ விதைகள் அடங்கிய தொகுப்பு ஒன்றை வாங்கினேன். விற்றவரின் பெயரை இங்கே எழுதவில்லை. இதே படங்களையும் இதே வாசகங்களையும் வைத்து வெவ்வேறு பெயர்களில் பலர் விற்பதைப் பிறகு கண்டேன்; ஆகவே ஒரு பெயரைத் தெரிந்துகொள்வதால் யாருக்கும் பயன் இருக்காது.

விளம்பரப் படத்தில் நீல ரோஜா, குண்டுமல்லி, சாமந்தி, பெட்டூனியா, பான்சி என்று எல்லாம் இருந்தன. வந்து சேர்ந்தவையோ பேனாவால் எண் எழுதிய சிறு பிளாஸ்டிக் உறைகளும், எந்த எண்ணுக்கு எந்தப் பூ என்று அச்சிட்ட ஒரு தாளும் மட்டுமே. குவியல் எண் (விதை எந்தத் தொகுதியைச் சேர்ந்தது என்று காட்டும் எண்), பரிசோதித்த தேதி, முளைப்புத்திறன் விழுக்காடு ஆகியவற்றில் ஒன்றுகூட எங்கும் இல்லை. தாளைப் படித்த என் அம்மா, "குண்டுமல்லிக்கு யாராவது விதை போடுவார்களா? பதியம்தானே போடுவோம்" என்றார். நான் அப்போதே விழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்து குழித்தட்டுகளில் விதைத்தேன். மூன்று வாரம் காத்திருந்தும் 31 உறைகளின் விதைகள் முளைக்கவே இல்லை. பெட்டூனியா விதை ஒரு கிராமில் ஏறத்தாழ 10,000 இருக்கும் அளவுக்குத் தூள் போன்றது. எனக்கு வந்ததோ கடுகை ஒத்திருந்தது. சாமந்தி என்று வந்தது செண்டுமல்லியாக வளர்ந்தது. நல்ல செண்டுமல்லிதான், ஆனால் பூமாலையில் காய்ந்த பூவை உதிர்த்தாலே அந்த விதை கிடைத்துவிடும். பான்சியைப் பொறுத்தவரை என் தவறும் உண்டு: குளிரை விரும்பும் அந்தச் செடியின் விதை உண்மையானதாகவே இருந்திருந்தாலும், திருச்சியின் ஆடி வெயிலில் சரியாக முளைத்திருக்காது.

எல்லாவற்றையும் விட விரைவாக, ஐந்தாம் நாளே முளைத்தது நீல ரோஜாதான். அங்கேயே எனக்குச் சந்தேகம் தட்டியது, ஏனென்றால் ரோஜா விதை பொதுவாகப் பல வாரக் குளிரைக் கண்ட பிறகே உறக்கம் கலைந்து முளைக்கும். பத்து நாள் கழித்து இலையைக் கசக்கி முகர்ந்தபோது தக்காளிச் செடியின் வாசனை வந்தது. தட்டையாக, மெல்லிய பூனைமயிருடன் இருந்த அந்த விதையை, தினமும் சமையலறையில் பார்க்கும் ஒன்றை, எப்படி அடையாளம் காணாமல் விட்டேன் என்று இன்றும் வெட்கமாக இருக்கிறது. நீல நிறத்தைத் தரும் டெல்பினிடின் என்னும் நிறமி ரோஜாவில் இயற்கையாகவே கிடையாது. ஜப்பானின் சன்டோரி நிறுவனம் மரபணு மாற்றத்தின் மூலம் அதைப் புகுத்திய ரோஜாவை 2004இல் அறிவித்து 2009இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதுவும்கூட வெளிர் ஊதாவாகத்தான் இருக்கிறது. படத்தில் காட்டப்படும் மயில்கழுத்து நீலம் கணினியில் தீட்டியது.

இந்த வியாபாரத்தின் சூட்சுமம் நாட்கணக்கில் இருக்கிறது. பொருளைத் திருப்பி அனுப்ப ஏழு நாள்தான் அவகாசம். விதை முளைக்கவில்லை என்று உறுதிப்பட மூன்று வாரமும், வேறு பூ என்று தெரிய இரண்டு மூன்று மாதமும் ஆகும். பொட்டலம் கைக்கு வந்த அன்றே, "பேக்கிங் அருமை" என்று எழுதி ஐந்து நட்சத்திரம் போட்டவர்களில் பெரும்பாலோர், பூக்காதபோது திரும்பி வந்து அதைத் திருத்துவதில்லை. நான் முறையிட்டபோது, தண்ணீரை அதிகம் ஊற்றியிருப்பீர்கள் என்று விற்றவர் பதில் அனுப்பினார்.

சட்டத்தைத் தேடிப் படித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. 1966ஆம் ஆண்டின் விதைச் சட்டம் விதை என்று வரையறுப்பது உணவுப் பயிர், எண்ணெய் வித்து, பழம், காய்கறி, பருத்தி, கால்நடைத் தீவனம், சணல் ஆகியவற்றின் விதைகளைத்தான். அந்த வரிசையில் பூ இல்லை. எனவே நுகர்வோர் வழியைத்தான் பிடிக்க வேண்டியிருந்தது. இணைய வணிகத்துக்கான 2020ஆம் ஆண்டு விதிகளின்படி அங்காடியின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். இந்த விதியைக் குறிப்பிட்டு, படங்களுடன் மின்னஞ்சல் அனுப்பியதோடு, 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதிந்தேன். பணம் திரும்பியது, ஆனால் வங்கிக் கணக்குக்கு அல்ல, அதே அங்காடியில் மட்டும் செலவழிக்கக்கூடிய இருப்பாக.

இப்போது நான் குவியல் எண்ணும் பரிசோதனைத் தேதியும் அச்சிட்ட உறையைத்தான் வாங்குகிறேன். உறையைப் பிரிக்கும்போதே காணொளி எடுத்துவிட்டு, அன்றே பத்து விதைகளை ஈரத்துணியில் முடிந்து வைக்கிறேன். செண்டுமல்லி, ஜினியா போன்றவை ஏழு நாளுக்குள்ளாகவே விடை சொல்லிவிடும். ரோஜாவையும் மல்லிகையையும் நாற்றங்காலில் செடியாகவே பார்த்து வாங்குகிறேன். சென்ற வாரம் தேடியபோது அதே தொகுப்பு 399 ரூபாய்க்கு விற்பனையில் இருந்தது. முகப்பில் இம்முறை ஏழு நிற இதழ்களுடன் வானவில் ரோஜா.