மேனிஃபோல்டு பேக்கிங் லீக்: முடுக்குவதா, பேஸ்ட் வைப்பதா, புதுசு போடுவதா?

இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டோடு சேருகிற காற்று, புகைக் குழாய்த் தொகுப்புதான் மேனிஃபோல்டு, அந்தச் சேர்மானத்தில் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட்தான் பேக்கிங். மேனிஃபோல்டு பேக்கிங் போய்விட்டது என்று மெக்கானிக் சொன்னால் முதலில் கேட்க வேண்டியது, எந்தப் பக்கம் என்பதுதான். இன்டேக் பக்கம் போனால் வெளிக்காற்று உள்ளே இழுபடும், எக்ஸாஸ்ட் பக்கம் போனால் புகை வெளியே வரும். இன்டேக் லீக்கில் ஐடில் (வண்டி நிற்கும்போது இன்ஜின் சுற்றும் வேகம்) ஏறி இறங்கும், பிக்கப் குறையும், பெட்ரோல் செலவாகும், ஆனாலும் ஒரு வாரம் பொறுக்கலாம். எக்ஸாஸ்ட் லீக்கை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. சேலத்திலிருந்து வரும்போது தொப்பூர் ஏற்றத்தில் ஐந்து பேரோடு இன்ஜின் திணறி இழுக்கிற நேரத்தில், பானெட்டுக்குள் கசிகிற புகை ஏசியின் வெளிக்காற்று வழியாக உள்ளே வரலாம். அதில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. பின்சீட்டில் பிள்ளைகள் தூங்குகிறார்களா மயங்கிக் கிடக்கிறார்களா என்று ஓட்டுகிறவருக்குத் தெரியாது.

எக்ஸாஸ்ட் லீக்கைக் கண்டுபிடிக்கக் காதும் கண்ணும் போதும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிக் குளிரில் காலையில் ஸ்டார்ட் பண்ணினால் டிக் டிக் என்று கேட்கும், இன்ஜின் சூடானதும் இரும்பு விரிந்து சந்து அடைபடுவதால் சத்தம் குறைந்துவிடும். "டேப்பட் சத்தம் சார், அட்ஜஸ்ட் பண்ணிடலாம்" என்று, அதாவது இன்ஜின் வால்வைத் தள்ளும் பாகத்தின் சத்தம் என்று சொல்லிவிடுவார்கள், அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். தடித்த துணியை மடித்து சைலன்சர் வாயில் ஒரு நொடி அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். லீக் இருந்தால் பானெட் பக்கம் சீறல் கூடும், டேப்பட் சத்தம் இதற்கெல்லாம் மாறாது. அப்புறம் இன்ஜின் ஆறியதும் ஹீட் ஷீல்டை (சூட்டைத் தடுக்கும் தகட்டை) கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். ஹெட்டும் மேனிஃபோல்டும் சேருகிற கோட்டில் விசிறி மாதிரி கருப்புக் கரி படிந்திருந்தால் லீக் அங்கேதான்.

இன்டேக் பக்கம் கொஞ்சம் சிக்கல். பட்டறையில் வழக்கமாக கார்ப் கிளீனர் ஸ்பிரே அடித்து இன்ஜின் சத்தம் மாறுகிறதா என்று பார்ப்பார்கள். செலவு குறைவுதான், ஆனால் அது தீப்பிடிக்கிற சமாச்சாரம், பக்கத்திலேயே கொதிக்கிற எக்ஸாஸ்ட் இருக்கிறது, எனக்கு அதில் சம்மதமே இல்லை. தண்ணீர் ஸ்பிரே பாதுகாப்பு, சின்ன லீக் அதில் தப்பிவிடும். ஸ்கேனர் இருந்தால் ஃப்யூல் டிரிம், அதாவது வண்டிக் கணினி பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்ற சதவீதம், பார்க்கலாம்: ஐடிலில் பிளஸ்ஸில் எகிறி, 2500 ஆர்பிஎம்மில் இறங்கிவிட்டால் காற்று லீக், இரண்டிலும் எகிறியே இருந்தால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர், ஏர்ஃப்ளோ சென்சார் பக்கம் போக வேண்டும். இந்தக் கணக்கு, உள்ளே போகும் காற்றை நேராக அளக்கிற ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள வண்டிக்குத்தான். மேப் சென்சாரை (இன்டேக்குக்குள் உள்ள அழுத்தத்தை அளப்பது) வைத்துக் காற்றைக் கணக்கிடுகிற வண்டியில் கூடுதல் காற்றையும் கணினி கணக்கில் எடுத்துக்கொள்வதால் டிரிம் பெரிதாக மாறாமல் ஐடில் மட்டும் ஏறி நிற்கும், பெட்ரோலுக்குக் காற்று அதிகம் என்று ஸ்கேனரில் காட்டும் P0171 கோடு வரவில்லை என்பதற்காக லீக் இல்லை என்று ஆகாது. சந்தேகம் தீரவில்லை என்றால் ஸ்மோக் டெஸ்ட்தான். இன்டேக்குக்குள் புகையைச் செலுத்தினால் எங்கே ஓட்டையோ அங்கே எட்டிப்பார்க்கும், ஊகத்துக்கே இடமில்லை. ஊரில் அந்த மெஷின் இல்லை என்றால் இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோகலாம், தேவையில்லாமல் ஒரு சென்சார் மாற்றுவதைவிட அது மேல்.

சரி, ரிப்பேருக்கு வருவோம். நட்டை முடுக்கிவிட்டால் போதும் என்பது, நட் உண்மையிலேயே லூசாக இருந்தால் மட்டும் சரி. பேக்கிங் எரிந்துபோன பிறகு முடுக்கினால் ஸ்டட்தான் (நட் ஏறும் மரைக் கம்பி) ஒடியும். எக்ஸாஸ்ட்டில் சிலிக்கான் பேஸ்ட் வைப்பதை நான் ரிப்பேர் என்றே சொல்ல மாட்டேன். அதிகச் சூடு தாங்கும் பேஸ்டே 350 டிகிரியை ஒட்டித்தான், லோடில் மேனிஃபோல்டு 600 டிகிரிக்கு மேல் போகும். பிளாஸ்டிக் இன்டேக்கிலும் பேஸ்ட் வேண்டாம், அதற்கென்று பள்ளத்தில் உட்காரும் ரப்பர் பேக்கிங் இருக்கிறது, காய்ந்த நிலையிலேயே போட வேண்டும்.

அப்படியானால் கிராஃபைட் பேக்கிங்கா, பல அடுக்கு ஸ்டீல் பேக்கிங்கா? ஸ்டீலுக்கு ஆயுள் அதிகம், ஆனால் பரப்பு வழவழப்பாகவும் நேராகவும் இருந்தே ஆக வேண்டும். கிராஃபைட் சின்ன மேடுபள்ளத்தை மன்னித்துவிடும், ஸ்டீல் மன்னிக்காது. வார்ப்பிரும்பு மேனிஃபோல்டைவிட அலுமினிய ஹெட் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், ஒவ்வொரு சூட்டிலும் பேக்கிங் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேய்படுகிறது, அந்த இழுபறியை ஸ்டீல் நன்றாகத் தாங்கும். என் தேர்வு கம்பெனி ஸ்டீல் பேக்கிங், ஆனால் மேனிஃபோல்டை மட்டம் பார்த்த பிறகு. நேர்க்கோலை வைத்து, சந்தை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். 0.1 மில்லிமீட்டர் தகடு உள்ளே நுழைந்தால் லேத் பட்டறையில் ஃபேஸிங் போடாமல் (பரப்பைச் சீவி மட்டமாக்காமல்) எந்தப் பேக்கிங்கும் நிற்காது. கிருஷ்ணகிரியில் ஒரு பட்டறை எங்கள் மாமா வண்டிக்கு இதைப் பார்க்காமலே புதுப் பேக்கிங் போட்டது, அடுத்த பண்டிகைக்குள் அதே இடத்தில் கரி. மேனிஃபோல்டைக் கழற்றினால் நடுவில் நன்றாகவே வளைந்திருந்தது.

வேலையை கம்பெனி சர்வீஸ் சென்டரில் கொடுப்பதா, தெரிந்த மெக்கானிக்கிடமா என்றால், பழைய வண்டிக்கு நல்ல மெக்கானிக்தான் என்பேன். துருப்பிடித்த ஸ்டட் ஒடிந்தால் அதன் தலையில் ஒரு நட்டை வெல்டு வைத்துக் கழற்றுகிற கைப்பழக்கம் அவரிடம்தான் இருக்கும். வாரண்டி இருந்தால் யோசிக்க வேண்டாம், சர்வீஸ் சென்டர். யாரிடம் கொடுத்தாலும் முந்தைய நாளே ஸ்டட்டில் துருவை இளக்கும் ஸ்பிரே அடித்து ஊறவிடச் சொல்லுங்கள், புது நட் வாங்கிக் கொடுங்கள், நடுவிலிருந்து ஓரத்துக்கு இரண்டு மூன்று சுற்றில் டார்க் ரெஞ்சால் (முடுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) மேனுவல் அளவுக்கு முடுக்கச் சொல்லுங்கள். டார்க் ரெஞ்ச் இல்லை, கை அளவே போதும் என்கிறவரிடம் எக்ஸாஸ்ட் வேலையைக் கொடுக்க வேண்டாம்.