மாட்டுக் கைமா காய்கறி சூப்: வாராவாரம் செய்தால் எது தேறும், எது தேறாது

வேலை நாள் இரவில் ஒரே பாத்திரத்தில் முடிந்துவிடும், வயிறும் நிறையும் என்பதால் மாட்டுக் கைமா காய்கறி சூப்பைப் பலரும் செய்கிறார்கள். ஒருமுறை செய்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்வது எளிது. மாதக்கணக்கில் வாராவாரம் செய்யும்போதுதான் செய்முறையின் ஓட்டைகள் தெரியவரும். ஒரு வாரம் கெட்டியாக வரும், அடுத்த வாரம் தண்ணீராக நிற்கும். ஒருநாள் உருளைக்கிழங்கு கரைந்துபோகும், இன்னொரு நாள் எவ்வளவு கொதித்தாலும் நறுக்கென்றே இருக்கும். இந்த ஏற்ற இறக்கத்துக்குப் பெரும்பாலும் இரண்டு இடங்கள்தான் காரணம்: ஸ்டாக் (எலும்போ காய்கறியோ வேகவைத்து வடித்த சாறு) ஊற்றுவதற்கு முந்தைய பத்து நிமிடமும், தக்காளியைப் போடும் நேரமும். மற்ற இடங்களில் கை கொஞ்சம் முன்பின் போனாலும் சூப் தேறிவிடும்.

துண்டுக்கறி சூப்போடு இதை ஒப்பிடவே கூடாது. துண்டுக்கறியில் இருக்கும் இணைப்புத் திசு மெல்ல உருகி ஜெலட்டினாக மாற ஒன்றரை, இரண்டு மணி நேரம் வேண்டும். கைமாவில் அந்த நார்களை இயந்திரம் ஏற்கெனவே அறுத்துவிட்டது, அதனால் 25 நிமிடக் கொதியே போதும். மணிக்கணக்கில் விட்டால் கறி மிருதுவாவதற்குப் பதிலாக வறண்டு, மணல் போல் நாக்கில் உருளும். ஆனால் ஜெலட்டின் குறைவதால் சாறு மெலிந்துதான் இருக்கும். அந்தக் குறையை வேறு வழியில் சரிசெய்ய வேண்டும்.

முதலில் அளவு. ஆறு பேருக்கு, அல்லது மூன்று பேருக்கு இரண்டு இரவுக்கு: கைமா 500 கிராம், பெரிய வெங்காயம் ஒன்று, செலரி இரண்டு தண்டு, கேரட் 200 கிராம், உருளைக்கிழங்கு 300 கிராம், பீன்ஸ் 150 கிராம், பட்டாணி 100 கிராம், நசுக்கிய தக்காளி 400 கிராம், தக்காளி பேஸ்ட் 2 டேபிள்ஸ்பூன், பூண்டு 3 பல், ஸ்டாக் ஒன்றேகால் லிட்டர், பிரிஞ்சி இலை ஒன்று, காய்ந்த தைம் ஒரு டீஸ்பூன். பாத்திரம் 5 லிட்டர் கொள்ளும்படி, அடி கனமாக, 24 சென்டிமீட்டர் அகலத்தில் இருந்தால் நல்லது. இதைவிடக் குறுகலாக இருந்தால் கறி வறுபடாமல் அவிந்துவிடும்.

கைமாவில் கொழுப்பு எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு எங்கள் பதில் 15 சதவீதம். 20 சதவீதக் கைமாவில் சுவை கூடுதல்தான், ஆனால் அரைக் கிலோவில் 100 கிராம் கொழுப்பு இருக்கிறது. வறுக்கும்போது உருகி நிற்பதில் ஒரு டேபிள்ஸ்பூன் வைத்துக்கொண்டு மீதியைக் கரண்டியால் எடுத்துவிட வேண்டும். மாட்டுக் கொழுப்பு சாதாரண அறை வெப்பத்திலேயே உறைந்துவிடும், அதனால் கிண்ணத்தில் சூப் ஆறும்போது உதட்டில் மெழுகு பூசினாற்போல் ஒட்டும். எடுத்த கொழுப்பைத் தொட்டியில் கொட்டக் கூடாது. குழாய்க்குள் போய் உறைந்து அடைத்துக்கொள்ளும். ஒரு பழைய டப்பாவில் ஊற்றி, உறைந்ததும் குப்பையில் போடுவதே சரி. 5 சதவீதக் கைமா ஆரோக்கியமாகத் தோன்றும், ஆனால் இந்த சூப்பில் ரப்பர் துணுக்கு போல் கடிபடும்.

இனி வறுப்பது. பெரும்பாலான சூப்கள் கெடுவது இங்கேதான். கைமாவைப் போட்ட உடனே கிண்டத் தொடங்குவது பலருக்கும் பழக்கம். கிண்டக் கிண்டக் கறியிலிருந்து நீர் கசியும். பாத்திரத்தில் நீர் நிற்கும்வரை வெப்பம் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. கறி பழுப்பேறி வறுத்த மணம் வர ஏறக்குறைய 140 டிகிரி தேவை. அதனால் கறி சாம்பல் நிறத்தில் வெந்து நிற்கும், சூப்பும் வெந்நீரில் கறி போட்டது போலவே இருக்கும்.

செய்ய வேண்டியது இது. பாத்திரத்தை நடுத்தரத்துக்கு மேலான தீயில் மூன்று நிமிடம் காயவிட்டு, ஒரு டீஸ்பூன் எண்ணெய் விடவும். கைமாவை அடை போல் ஒரே தட்டையாக அமுக்கிப் பரப்பவும். பிறகு நான்கைந்து நிமிடம் தொடவே வேண்டாம். ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால் அடிப்பக்கம் கரும்பழுப்பாக இருக்க வேண்டும். அப்போது நான்கைந்து பெரிய துண்டாகப் புரட்டி, இன்னும் இரண்டு நிமிடம் விட்டு, பிறகு கரண்டியால் உடைக்கவும். இரண்டாவது பக்கமும் முழுக்கப் பழுப்பாக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். ஒரு பக்கத்துப் பழுப்பும் அடியில் ஒட்டிய பிடிப்பும் மொத்தச் சாற்றுக்கும் சுவை தரப் போதும். பழுப்பேறாத பாதிதான் வாயில் மிருதுவாக இருக்கும். ஒவ்வொரு துணுக்கையும் வறுத்தெடுத்தால் கறி சரளைக்கல்லாகிவிடும்.

உப்பை இந்தக் கட்டத்துக்கு முன் சேர்க்கக் கூடாது. பச்சைக் கைமாவில் உப்பைப் பிசைந்து வைத்தால் புரதம் கரைந்து ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். சாசேஜுக்கு அது தேவை, சூப்புக்கு வேண்டாம். உடைத்த பிறகு உப்புப் போடலாம். கைமா மிகவும் ஈரமாக இருந்தாலோ, ஃப்ரீசரிலிருந்து எடுத்ததாக இருந்தாலோ, கால் டீஸ்பூன் சமையல் சோடாவை ஒரு டேபிள்ஸ்பூன் தண்ணீரில் கரைத்துக் கலந்து 15 நிமிடம் வைக்கலாம். காரத்தன்மை கூடுவதால் கறி நீரைப் பிடித்துவைக்கும், சீக்கிரம் பழுப்பும் ஏறும். கால் டீஸ்பூனைத் தாண்டினால் சோப்பு வாடை வரும். புதுக் கைமாவுக்கு இது அவசியமில்லை. ஒரு கிலோ போடுவதானால் இரண்டு தவணையாக வறுக்கவும், ஒரே தவணையில் அது நடக்காது.

கைமாவைக் கழுவும் பழக்கம் இருந்தால் விட்டுவிடலாம். ஈரம் கூடுவதோடு, தெறிக்கும் நீரில் கிருமி சமையலறையெங்கும் பரவும். வெந்துவிட்டதா என்பதை நிறத்தை வைத்து முடிவு செய்யவும் கூடாது. 71 டிகிரி தொட வேண்டும் என்பதுதான் கைமாவுக்கான கணக்கு. சூப்பில் அது கொதியிலேயே கடந்துவிடும், தனியாகக் கவலைப்பட ஒன்றுமில்லை.

கறியை ஓரமாகத் தள்ளி வெங்காயமும் செலரியும் போட்டு ஐந்து நிமிடம் வதக்கவும். வெங்காயம் விடும் நீரிலேயே அடிப்பிடிப்பு பாதி இளகிவிடும். அடுத்து தக்காளி பேஸ்டும் நசுக்கிய பூண்டும். பேஸ்ட் பளிச்சென்ற சிவப்பிலிருந்து செங்கல் நிறத்துக்கு வரும்வரை இரண்டு நிமிடம் கிளற வேண்டும், இல்லையென்றால் டப்பா வாடை கடைசிவரை போகாது. அடி கருக ஆரம்பித்தால் தயங்காமல் அரைக் கப் ஸ்டாக்கை ஊற்றிச் சுரண்டவும். பழுப்பு சுவை தரும், கருப்பு கசக்கும். இரண்டுக்கும் இடையில் அரை நிமிடம்தான் இருக்கிறது.

மீதி ஸ்டாக்கை ஊற்றி, பிரிஞ்சி இலை, தைம், ஒரு சென்டிமீட்டர் கேரட் துண்டு, ஒன்றரை சென்டிமீட்டர் உருளைக்கிழங்குத் துண்டு எல்லாம் போடவும். கொதி வந்ததும் தீயைக் குறைத்து, மூடியைச் சற்றுத் திறந்து வைக்கவும். தளதளவென்று கொதிக்கவிட்டால் கொழுப்பு சாற்றோடு கலந்து கலங்கும், கறியும் இறுகும். மேற்பரப்பில் அங்கங்கே குமிழி வந்தால் போதும். எட்டு நிமிடம் கழித்து பீன்ஸ். இன்னும் நான்கு நிமிடம் கழித்து, கத்தி முனை உருளைக்கிழங்கில் லேசான தடையோடு இறங்கும்போதுதான் தக்காளி.

இந்த வரிசையை மாற்ற வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறோம். தக்காளியின் புளிப்பு, காய்கறியின் செல் சுவரைப் பிடித்துவைக்கும் பெக்டின் என்ற பசைப்பொருளைக் கரையவிடாமல் தடுக்கிறது. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுவிட்டு, அரை மணி கொதித்தும் கிழங்கு வேகவில்லையே என்று கிழங்கு ரகத்தைக் குறை சொல்பவர்கள் உண்டு. கிழங்கின் மேல் குற்றமில்லை. இதே குணத்தை நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம்: கிழங்கு கொஞ்சம் அதிகமாக வெந்துவிட்டது என்று தோன்றினால் உடனே தக்காளியைச் சேர்த்தால் அதற்கு மேல் குழைவது மட்டுப்படும்.

டப்பாத் தக்காளியில் சதுரமாக நறுக்கியதை வாங்கும்போது சீட்டைப் படிக்கவும். துண்டு உடையாமல் இருக்க அதில் கால்சியம் குளோரைடு சேர்ப்பது வழக்கம். அப்படிப்பட்ட துண்டு எவ்வளவு கொதித்தாலும் கரையாமல் தனியாகவே மிதக்கும். முழுத் தக்காளியைக் கையால் நசுக்கிப் போடுவதோ, நசுக்கிய தக்காளியே வாங்குவதோ மேல். தக்காளி விழுந்தபின் பத்து நிமிடம். கடைசி மூன்று நிமிடத்தில் பட்டாணி, ஃப்ரோசன் என்றால் கரைக்காமல் அப்படியே. புளிப்பில் பச்சை நிறம் மங்கத்தான் செய்யும். பீன்ஸ் பளபளக்க வேண்டுமென்றால் தனியே அவித்துக் கடைசியில் சேர்க்கலாம், ஆனால் வேலை நாள் இரவில் இன்னொரு பாத்திரம் கழுவும் அளவுக்கு அது முக்கியமில்லை.

சாற்றுக்குக் கனம் சேர்க்க இரண்டு வழிகள் நிலைத்து நின்றன. வெந்த உருளைக்கிழங்கில் ஐந்தாறு துண்டைப் பாத்திரத்தின் பக்கவாட்டில் நசுக்கிக் கலக்குவது ஒன்று. சுவையற்ற ஜெலட்டின் தூள் 7 கிராமை ஆறிய ஸ்டாக்கில் ஊறவைத்து ஊற்றுவது மற்றொன்று. இரண்டாவது வழியில் கடைச் சரக்கான ஸ்டாக்கும் எலும்பு வேகவைத்தது போல் உதட்டில் ஒட்டும். சோளமாவு கரைத்து ஊற்றினால் அன்றைக்கு நன்றாக இருக்கும், மறுநாள் சூடாக்கும்போது நீர்த்துப் பிரியலாம்.

உப்புக்குக் கண்ணளவு போதாது. முடிந்த சூப்பில் கிலோவுக்கு 7 முதல் 8 கிராம் என்பது பெரும்பாலோர் நாக்குக்குச் சரியாக இருக்கும். மேலே சொன்ன அளவில் சூப் ஏறத்தாழ 2.8 கிலோ வரும், அதாவது மொத்தம் 20 கிராம் சுற்றி. உப்பில்லாத ஸ்டாக்குக்குத்தான் இந்தக் கணக்கு. சூப் கியூப் கரைத்திருந்தால் பாதியில் தொடங்கி, கடைசியில் ருசி பார்த்து ஏற்றவும். உப்புச் சரியாக இருந்தும் ஏதோ சப்பென்று தோன்றினால் இன்னும் உப்புப் போடாமல், ஒரு டீஸ்பூன் சோயா சாஸும் ஒரு டீஸ்பூன் வினிகரும் விட்டுப் பாருங்கள். மிளகுத்தூள் அடுப்பை அணைத்த பிறகு.

நேரக் கணக்கில் ஏமாற வேண்டாம். அரை மணி சூப் என்று எழுதுபவர்கள் காய் நறுக்கும் நேரத்தைச் சேர்ப்பதில்லை. உண்மையில் 50 நிமிடம் ஆகும். கைமா தொடாமல் வறுபடும் நேரத்தில் வெங்காயமும் செலரியும், அவை வதங்கும்போது கேரட்டும் கிழங்கும் என்று நறுக்கினால் 45 நிமிடத்துக்குள் முடியும். நறுக்கிய ஃப்ரோசன் காய்கறிக் கலவை பீன்ஸுக்கும் பட்டாணிக்கும் பதிலாகச் செல்லும், ஆனால் அதிலுள்ள கேரட் பஞ்சு போல் இருக்கும்.

பிரஷர் குக்கர் இந்த சூப்புக்குத் தேவையில்லை என்பது எங்கள் முடிவு. கறிக்கு அழுத்தம் வேண்டியதில்லை, காய்கறியோ குழைகிறது. மின்சாரக் குக்கராக இருந்து அடிப்பிடிப்பைச் சுரண்டாமல் மூடினால் அடிபிடிப்பதாக எச்சரித்து நின்றும்விடும். ஸ்லோ குக்கர் பரவாயில்லை, வறுப்பதை மட்டும் வேறு பாத்திரத்தில் செய்துவிட்டுக் கிழங்கையும் கேரட்டையும் அடியில் போட வேண்டும். ராஜ்மா சேர்ப்பவர்கள் கவனிக்கவும்: காய்ந்த ராஜ்மாவை நேராக ஸ்லோ குக்கரில் போடக் கூடாது. அதிலுள்ள லெக்டின் என்ற நச்சு நல்ல கொதியில் பத்து நிமிடமாவது வெந்தால்தான் அழியும், ஸ்லோ குக்கரின் மிதச் சூட்டில் அழியாது. டப்பா ராஜ்மா ஏற்கெனவே வெந்தது, பயமில்லை.

பாஸ்தாவையும் அரிசியையும் பாத்திரத்திலேயே வேகவைத்தால் மறுநாள் சூப் இருக்காது, கூழ்தான் இருக்கும். தனியே வேகவைத்துக் கிண்ணத்தில் போட்டு, மேலே சூப்பை ஊற்றவும். பார்லி உருக்குலையாது, ஆனால் 40 நிமிடத்துக்கு மேல் வேகும். முன்பே வேகவைத்து வைத்திருந்தால் மட்டும் வேலை நாளில் சேர்க்கலாம்.

மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். 5 லிட்டர் பாத்திரத்தை அப்படியே உள்ளே தள்ளினால் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும், கிருமிக்கு அது வசதி. 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகாத தட்டையான டப்பாக்களில் பிரித்து வைத்தால் சீக்கிரம் ஆறும். மூன்று நான்கு நாள் தாங்கும். இரண்டாம் நாள் சுவை கூடும் என்பது ஓரளவு உண்மை, மூன்றாம் நாளில் கறியில் பழைய வாடை தலைகாட்டும். கொழுப்பு காற்றோடு வினைபுரிவதால் வருவது அது. மொத்தத்தையும் திரும்பத் திரும்பச் சூடாக்காமல் வேண்டியதை மட்டும் எடுத்து, 74 டிகிரி வரும்வரை சூடாக்கவும். கிழங்கின் மாவுச்சத்தால் இறுகியிருக்கும், கிண்ணத்துக்கு இரண்டு மூன்று டேபிள்ஸ்பூன் தண்ணீர் விட்டால் பழைய பதம் வரும்.

ஃப்ரீசரில் இரண்டு மூன்று மாதம் வரை சுவை கெடாமல் இருக்கும், உருளைக்கிழங்கு தவிர. அது உறைந்து இளகினால் நீர் பிரிந்து மாவாக உதிரும். உறைய வைக்கப்போவது தெரிந்தால் கிழங்கில்லாமல் செய்து, டப்பாவில் இரண்டு விரல் இடம் விட்டு மூடவும். சாப்பிடும் நாளில், முந்தைய இரவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டு, புதிதாக அவித்த கிழங்கைச் சூடாக்கும்போது சேர்த்துக்கொள்ளலாம். பட்டாணியும் அப்போது போட்டால் போதும்.